பெயர்ச்சீட்டை நம்பலாமா?
காட்டுப் பியோனிகளைப் பற்றிய இரு நூல்கள் – ஒரு திறனாய்வு

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறேன். ஒரு மாணவர் திருகு அளவியைக் கொண்டு கம்பியின் விட்டத்தை ஒரே இடத்தில், ஒரே முறை அளக்கிறார். 0.46 மி.மீ. என்று குறித்துக்கொள்கிறார். பிறகு வாய்பாட்டில் அதைப் புகுத்தி, யங் குணகத்தை ஐந்து தசம இடங்கள் வரை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிடுகிறார். "கம்பி எல்லா இடத்திலும் இதே பருமன்தானா?" என்று கேட்டால் திகைக்கிறார். அவருடைய விடை தவறாக இருந்தாலும் நான் பெரிதாக வருந்தமாட்டேன். அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அவருக்கே தெரியாமல் இருப்பதுதான் என் வருத்தம்.

தாவரவியல் எனக்குப் பாடமன்று. ஆயினும் பியோனி என்னும் பூஞ்செடியின் காட்டு வகைகளைப் பற்றிய இரண்டு பெரிய நூல்களை அண்மையில் படித்தபோது, இந்த மாணவர் அடிக்கடி நினைவுக்கு வந்தார். விதை உறையின் மேல் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அந்த விதையை விதைத்தால் அந்தப் பெயருக்குரிய செடிதான் வருமா? வந்தது அதுதான் என்று எப்படி அறிவது? இந்த எளிய கேள்விக்கு இரு நூல்களும் என்ன விடை தருகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பியோனி என்பது யாது?

பியோனி வடகோளத்தின் குளிர்நாட்டுச் செடி. கைப்பிடி அகலத்திலிருந்து உணவுத்தட்டின் அகலம் வரை பூக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்கள் உண்டு. முன்னாளில் இதை ரனன்குலேசி என்னும் குடும்பத்தில் சேர்த்திருந்தனர். இன்று பியோனியேசி என்ற தனிக்குடும்பம். அதில் பியோனியா என்ற ஒரே பேரினம். அதில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட சிற்றினங்கள்.

இவற்றை மூன்று பிரிவுகளாகப் பிரிப்பர். சீனத்தில் மட்டும் இயல்பாக வளரும் மரப்பியோனிகள் ஒரு பிரிவு. இவற்றின் தண்டு கட்டைத் தன்மையுடையது. மேற்கு வட அமெரிக்காவில் வளரும் இரண்டு சிற்றினங்கள் மற்றொரு பிரிவு. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரவியுள்ள பூண்டு வகைகள் மூன்றாம் பிரிவு. இவை குளிர்காலத்தில் தரையோடு பட்டுப்போய் இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். நம் நாட்டுக்குரியது ஒன்றே ஒன்று. பியோனியா எமோடி என்னும் அந்த வெண்பூச் செடி காஷ்மீரிலிருந்து நேப்பாளம் வரை மேற்கு இமயச் சரிவுகளில் வளர்கிறது. இந்தியில் இதை மாமேக் என்பர்.

இரண்டு பூட்டுகள்

நூல்களைப் பற்றிப் பேசுமுன் விதையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பல காட்டுப் பியோனிகளின் காய் முற்றியதும் ஒருபுறமாக வெடித்து விரிகிறது. உள்ளே இருவகை மணிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். சில குன்றிமணிச் சிவப்பு. சில பளபளக்கும் கருநீலம். புதியவர் கை தானாகவே சிவப்பை நோக்கிப் போகும். ஆனால் செம்மணிகள் கருவுறாத வெறும் சூல்கள். அவை ஒருநாளும் முளையா. கருநீல மணியே விதை. இனங்காண்பதில் முதற்பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது: கண்ணைக் கவர்வதெல்லாம் அடையாளமாகாது.

அந்த விதைக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. முதற்பூட்டு வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் திறக்கிறது. ஏறத்தாழ 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் சில வாரங்களோ சில மாதங்களோ ஈரமாக இருந்தால் முளைவேர் வெளிவரும். வேர் வந்துவிட்டதே, இனி இலை வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றந்தான். குருத்து உறங்கிக்கொண்டிருக்கும். அதன் பூட்டு குளிரில்தான் திறக்கும். வேர்விட்ட விதை 5 டிகிரியை ஒட்டிய குளிரில் இரண்டு அல்லது மூன்று மாதங்கள் கிடந்தபின், மீண்டும் வெப்பம் கிடைக்கும்போது குருத்து எழும். அமெரிக்காவில் லீலா பார்ட்டன் என்ற விஞ்ஞானி மரப்பியோனி விதைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துச் சோதித்து, 1933இல் இதை வெளியிட்டார். ஜிப்ரெல்லிக் அமிலம் என்னும் வளர்ச்சிப் பொருளைக் கொண்டு குளிரின் வேலையை ஓரளவு செய்விக்கலாம் என்பதையும் பின்னர், 1957இல், அவரும் அவருடைய சக ஆய்வாளரும் காட்டினர்.

இந்த ஏற்பாட்டின் பயன் எளிதில் விளங்கும். விதை இலையுதிர் காலத்தில் விழுகிறது. அப்போதே குருத்தும் எழுந்தால், அடுத்து வரும் உறைபனியில் கருகிவிடும். ஆகவே வேரை மட்டும் மண்ணில் இறக்கிவிட்டு, குளிர்காலம் ஒன்று கடந்துபோனது என்ற சான்று கிடைத்த பிறகே செடி தலைகாட்டுகிறது. விதை அதிகமாகக் காய்ந்துவிட்டாலோ, குளிர் வருமுன் வேர்விட நேரம் போதாவிட்டாலோ, முழுதாக இன்னோர் ஆண்டு தள்ளிப்போகும். "முளைக்கவில்லை" என்று தொட்டியைக் கொட்டிவிடும் தோட்டக்காரர்கள் பலர், வேர்விட்ட விதைகளையே கொட்டுகின்றனர். நம் சமவெளிகளில் இச்செடியைக் காணாததன் காரணமும் இதுவே. ஒரு விதைக்குக் குளிர்பதனப் பெட்டி போதும். வளர்ந்த செடிக்கோ ஆண்டுதோறும் குளிர்காலம் வேண்டும்.

முதலாண்டு பெரும்பாலும் ஒரே ஓர் இலைதான் தெரியும். பூப்பதற்கு நான்கைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இந்தக் காத்திருப்பை மனத்தில் வைத்துக்கொண்டு நூல்களுக்கு வருவோம்.

தோட்டத்திலிருந்து எழுந்த நூல்

முதல் நூல் எஃப்.சி. ஸ்டெர்ன் எழுதிய 'பியோனியா பேரினத்தின் ஆய்வு'. இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைக் கழகம் இதை 1946இல் வெளியிட்டது. ஸ்டெர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். சசெக்ஸில் ஹைடவுன் என்ற இடத்தில், பழைய சுண்ணப்பாறைக் குழி ஒன்றையே தோட்டமாக்கியவர். அவர் காலத்துப் பியோனிப் பெயர்கள் ஒரு பெருங்குழப்பம். ஒரே செடிக்கு மூன்று பெயர். மூன்று செடிகளுக்கு ஒரே பெயர். அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி, உயிருள்ள செடிகளையும் உலர்மாதிரிகளையும் ஒப்பிட்டு, பேரினம் முழுவதையும் ஒரே நூலில் தொகுத்தது பெருஞ்சாதனை. லிலியன் ஸ்னெல்லிங் வரைந்த வண்ணப்படங்களின் நுட்பத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். குரோமோசோம் எண்ணிக்கைக்கு ஸ்டெர்ன் உரிய மதிப்பளித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. பியோனிகளில் உடற்செல்லுக்கு 10 குரோமோசோம்கள் உடையவை, 20 உடையவை என்று இரு வகைகள் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்த ஆராய்ச்சியில், ஏ.பி. சாண்டர்ஸ் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியருக்கும் பங்குண்டு. வேதியியல் கற்பித்துக்கொண்டே பியோனிகளைக் கலந்து வளர்த்த அவர், லெட்யார்டு ஸ்டெபின்ஸ் என்ற தாவரவியலாருடன் சேர்ந்து 1938இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். வேறு பாடம் படித்தவன் தாவரங்களைப் பற்றிப் பேசலாமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு அவரைச் சாட்சியாக அழைப்பேன்!

ஸ்டெர்னின் குறை எது? அவர் செடிகளை நன்றாகப் பார்த்தார். ஆனால் பல சிற்றினங்களில் அவர் பார்த்த செடிகள் மிகச் சில. தோட்டத்தில் ஓரிடத்திலிருந்து வந்த ஒன்றிரண்டு செடிகள். உலர்மாதிரியகத்தில் சில தாள்கள். கம்பியை ஒரே இடத்தில் அளந்த என் மாணவரின் நிலைதான்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மரப்பியோனி ஒன்றின் கதை. ஜோசப் ராக் என்ற பயணி 1925–26இல் சீனத்தின் கான்சு மாநிலத்தில், சோனி என்ற ஊரின் பௌத்த மடாலயத்தில் தங்கியிருந்தார். அங்கே முற்றத்தில் ஒரு மரப்பியோனி நின்றது. வெள்ளை இதழ், ஒவ்வோர் இதழின் அடியிலும் கருஞ்சிவப்புத் திட்டு. அதன் விதைகளை அவர் அமெரிக்காவின் ஆர்னால்டு மரப்பூங்காவுக்கு அனுப்பினார். அங்கிருந்து அவை பல நாடுகளுக்குப் பகிரப்பட்டன. ஸ்டெர்னின் தோட்டத்திலும் அவ்வழிவந்த செடி பூத்தது. இதனிடையே 1928இல் மடாலயம் அழிக்கப்பட்டது. வெளிநாட்டில் வளர்ந்த செடிகளின் விதை, 1938இல் அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டதாக ராக் எழுதியிருக்கிறார். மனத்தைத் தொடும் நிகழ்ச்சிதான். ஆனால் அந்த விதைக்கு என்ன பெயர்?

ஸ்டெர்ன் அதைப் பியோனியா சஃப்ருட்டிகோசா என்ற பெயரின்கீழ் வைத்தார். அது சீனத் தோட்டங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்ட மரப்பியோனிக்கு இடப்பட்ட பெயர். ராக் கொணர்ந்த வகை 1990இல் துணைச்சிற்றினமாகவும், 1992இல் பியோனியா ராக்கியை என்ற தனிச்சிற்றினமாகவும் பெயர் பெற்றது. 2014இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, தோட்டத்து சஃப்ருட்டிகோசாவே ஐந்து காட்டுச் சிற்றினங்கள் கலந்து பிறந்தது என்று காட்டியது. அந்த ஐந்தில் ராக்கியையும் ஒன்று. அதாவது, பெற்றோரில் ஒருவருக்குப் பிள்ளையின் பெயரைச் சூட்டியிருந்தோம்! ஸ்டெர்ன் காலத்தில் மரபணு ஆய்வு இல்லை. அதை அறியாதது அவர் குற்றமன்று. ஆனால் ஒரு மடாலய முற்றத்துச் செடியைக் கொண்டு காட்டில் வளரும் ஒரு சிற்றினத்தைப் பற்றி முடிவு சொல்ல இயலாது என்பதை அறிய மரபணு தேவையில்லை. அந்த எச்சரிக்கையைத்தான் நூலில் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காட்டிலிருந்து எழுந்த நூல்

இரண்டாம் நூல் சீனத் தாவரவியலார் ஹொங் டெ-யுவான் எழுதிய 'உலகின் பியோனிகள்'. முதல் தொகுதி 2010இல் வந்தது. 2011, 2021 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு தொகுதிகள் வந்துள்ளன. இங்கே நான் எடுத்துக்கொள்வது முதல் தொகுதியை.

ஹொங் தோட்டத்தில் தொடங்கவில்லை. பியோனி இயல்பாக வளரும் இடங்களுக்குத் தம் துணைவர்களுடன் சென்றார். ஓரிடத்தில் ஒரு செடியைப் பறித்துக்கொண்டு திரும்பாமல், அங்குள்ள செடிக்கூட்டம் முழுவதையும் பார்த்தார். இலையடியில் மயிர் உண்டா இல்லையா, சூலிலைகள் எத்தனை, இதழ் நிறம் என்ன என்று செடிக்குச் செடி கணக்கெடுத்தார். இது நமக்குப் பழக்கமான முறை. பல அளவீடுகள் எடுத்து, அவற்றின் சிதறலைப் பார்த்து, பிறகு முடிவு சொல்லுவது.

இதன் விளைவு என்ன? பிரான்ஷே என்ற தாவரவியலார் 1886இல் யுன்னான் மாநிலத்துச் செடிகளுக்கு இரு பெயர்கள் இட்டார். சிவப்புப் பூவுடையது பியோனியா டெலவாயி. மஞ்சள் பூவுடையது பியோனியா லூட்டியா. ஹொங் அந்த மலைகளில் கூட்டங்களைப் பார்த்தபோது, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே எல்லா நிறங்களும் இருந்தன. எங்கே கோடு கிழிப்பது? கோடு இல்லை, ஆகவே அவர் இரண்டையும் ஒன்றாக்கினார். ஆனால் அதே ஹொங், முன்பு லூட்டியாவின் வகையாகக் கருதப்பட்ட திபெத்தின் பெரிய மஞ்சள் பியோனியை 1997இல் பியோனியா லுட்லோவியை என்று தனியாகப் பிரித்தார். லுட்லோவியையின் பூவில் பெரும்பாலும் ஒரே சூலிலை. அது விதையால் மட்டுமே பெருகும். டெலவாயியில் சூலிலைகள் பல; அது நிலத்தடித் தண்டாலும் பரவும். இடைப்பட்ட செடிகள் இல்லை. இடைவெளி உள்ள இடத்தில் பிரித்தார். இல்லாத இடத்தில் சேர்த்தார். தனக்குப் பிடித்த பெயரைக் காப்பதற்காகச் செய்ததன்று இது. இந்த நேர்மையே நூலின் பெருஞ்சிறப்பு.

எனினும் எனக்கு இரண்டு குறைகள் தோன்றுகின்றன.

முதற்குறை காக்கசஸ் மலைச் செடிகளைப் பற்றியது. ஜார்ஜியாவின் லகோதெகி பகுதியில் மஞ்சள் பூப்பூக்கும் அழகிய பியோனி ஒன்று உண்டு. அதைக் கண்டெடுத்த போலந்து நாட்டவரின் நினைவாக, 1897இல் அதற்குப் பியோனியா ம்லோகோசெவிட்சியை என்று பெயரிட்டனர். வாயில் நுழையாத பெயர். ஆங்கிலத் தோட்டக்காரர்கள் அதை 'சூனியக்காரி மாலி' என்று செல்லமாக மாற்றிக்கொண்டனர்! ஹொங் இதையும், காக்கசஸின் வேறு பல பியோனிகளையும், பியோனியா டௌரிகா என்ற ஒரே சிற்றினத்தின் துணைச்சிற்றினங்களாக்கினார். நிறமும் மயிரும் செடிக்குச் செடி மாறுகின்றன என்பது அவருடைய வாதம். சரிதான். ஆனால் துணைச்சிற்றினங்களைப் பிரிக்கும்போது அதே நிறத்தையும் மயிரையுமே அவர் நாடுகிறார். நம்பத்தகாத அளவுகோல் என்று மேல்மாடியில் ஒதுக்கியதைக் கீழ்மாடியில் பயன்படுத்தலாமா?

அதைவிடப் பெரிது இது. ம்லோகோசெவிட்சியையில் 10 குரோமோசோம்கள். அதே டௌரிகாவில் சேர்க்கப்பட்ட விட்மன்னியானாவில் 20. இரண்டும் கலந்தால் வரும் பிள்ளைக்கு 15. அது பெரும்பாலும் மலடாகவே இருக்கும். மயிரின் அடர்த்தி தொடர்ச்சியாக மாறும் அளவு. குரோமோசோம் எண்ணிக்கையோ தாவித்தாவி மாறும் எண். தொடர்ச்சியான அளவுகளில் இடைவெளி இல்லை என்பதற்காக, எண்ணில் தெளிவாகத் தெரியும் இடைவெளியைக் கடந்து செல்வது எனக்கு உடன்பாடன்று. எண்ணிக்கை மட்டுமே சிற்றினத்தைத் தீர்மானிக்காது என்று தாவரவியலார் மறுமொழி கூறலாம். அதற்குத் தக்க காரணங்களும் அவர்களிடம் உண்டு. ஆனால் விதை வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதன்று என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

இரண்டாம் குறை நூலின் இனங்காணும் திறவுகோலைப் பற்றியது. பூக்கும் தண்டின் கீழிலையில் எத்தனை சிற்றிலைகள், சூலிலைகள் எத்தனை, அவை மயிருள்ளவையா வழுவழுப்பானவையா, வேர் எவ்வடிவம் என்று அது கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. வளர்ந்து பூத்த செடியை வைத்திருப்பவருக்கு இது அருமையான துணை. ஆனால் விதையிலிருந்து வளர்ப்பவர் ஐந்தாண்டுகள் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவின்முன் நிற்கிறார். இளஞ்செடியின் இலையில் சிற்றிலைகள் குறைவு. அதை எண்ணித் திறவுகோலில் தேடினால் தவறான பெயரில் போய் முடியும். இந்த இடரை ஸ்டெர்னும் சரி, ஹொங்கும் சரி, கற்போருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லவில்லை என்பதே என் முதன்மையான குறை.

உறையின் மேல் உள்ள பெயர் யாருடையது?

இங்கேதான் மெய்யான சிக்கல். பல தோட்டங்களும் தாவரவியல் பூங்காக்களும் ஒன்றுக்கொன்று விதை பரிமாறிக்கொள்கின்றன. தோட்டத்தில் காக்கசஸ் செடிக்குப் பத்தடி தொலைவில் சீனச் செடி பூத்திருக்கும். காட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிரிந்திருக்கும் இவை, தோட்டத்தில் ஒரே தேனீயின் ஒரு நடைத் தொலைவில் இருக்கின்றன. உறையின் மேல் எழுதப்பட்ட பெயர் தாய்ச்செடியின் பெயர் மட்டுமே. தந்தை யாரென்று தேனீக்குத்தான் தெரியும். மஞ்சள் பூவை எதிர்பார்த்து ம்லோகோசெவிட்சியை விதைத்தவர்கள், ஐந்தாண்டு காத்திருந்து, மங்கிய இளஞ்சிவப்பைக் காண்பது இதனால்தான். அந்தச் செடியின் விதையும் அதே பெயருடன் அடுத்த உறைக்குள் போகிறது. பிழை இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது.

இது வெறும் தோட்டக்காரர் கவலையன்று. சீனத்தில் காட்டு மரப்பியோனிகள் வேர்ப்பட்டை மருந்துக்காகத் தோண்டப்பட்டு அருகிவருகின்றன. நாளை அவற்றைக் காட்டில் மீண்டும் நட விரும்புவோர் தோட்ட விதைகளை நாடினால், எதை நடுவார்கள்? பெயரில் காட்டுச் செடி. குருதியில் கலப்புச் செடி. காட்டில் எஞ்சியிருக்கும் சில செடிகளோடு அதுவும் கலந்தால், எதைக் காக்கப் போனோமோ அதையே இழப்போம்.

முதல் வேரிலேயே ஒரு சோதனை

ஐந்தாண்டு காத்திருக்காமல் எதையாவது அறிய இயலுமா? இயலும். விதை முதலில் வெளியிடுவது வேரை அல்லவா? வேர்நுனியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். ஒரு நுனியை வெட்டி, அசெட்டோகார்மின் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்களை எண்ணலாம். நம் கல்லூரிகளில் வெங்காய வேரைக் கொண்டு மாணவர்கள் செய்யும் அதே சோதனை. பியோனியின் குரோமோசோம்கள் பெரியவை, எண்ணிக்கையும் குறைவு.

மேற்கு மத்தியதரைக் கடலின் பலேரிக் தீவுகளில் மட்டும் இயல்பாக வளரும் பியோனியா கம்பெசெடெசியை என்ற சிற்றினத்தின் விதை என்று உறை சொல்லுகிறது எனக் கொள்வோம். அதற்கு 10 குரோமோசோம்கள். வேர்நுனியில் 15 கண்டால், 20 உடைய ஏதோ ஒரு தந்தை கலந்துவிட்டது. 20 கண்டால், உறையே பெரும்பாலும் தவறு. 10 கண்டால்? இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 10 கண்டதால் பெயர் சரி என்று ஆகிவிடாது. 10 உடைய வேறொரு சிற்றினம், எடுத்துக்காட்டாகத் தோட்டங்களில் நிறைந்திருக்கும் சீனத்துப் பியோனியா லாக்டிஃப்ளோரா, தந்தையாக இருந்தாலும் 10தான் வரும். பெயர் இச்சோதனையில் தோற்கவில்லை என்று மட்டுமே சொல்லலாம். பிறகு இலை வரட்டும். கம்பெசெடெசியையின் இலையடியில் ஊதா நிறம் இருக்க வேண்டும். பிறகு பூ, பிறகு சூலிலை. ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் ஒரு தேர்வு எழுதுகிறது.

இப்படியொரு அட்டவணையை, எந்த ஆண்டில் எதைப் பார்க்கலாம், அது எதை உறுதி செய்யும், எதை உறுதி செய்யாது என்ற அட்டவணையை, இவ்விரு நூல்களில் ஒன்றேனும் தந்திருக்கலாகாதா?

நம் நாட்டுச் செடி கற்பிக்கும் பாடம்

இறுதியாக ஒரு தடையை எழுப்பி விடை காண்போம். 1995இல் சாங், கிராஃபர்டு, ஸ்டூசி என்ற மூன்று விஞ்ஞானிகள் பியோனிகளின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டனர். காட்டுச் சிற்றினங்கள் பலவே பழங்காலக் கலப்பில் பிறந்தவை என்று தெரிந்தது. நம் இமயத்தின் எமோடியும் அவற்றில் ஒன்று. அதன் மரபணுவில் லாக்டிஃப்ளோரா, வீட்சியை என்னும் இரு கிழக்காசியச் சிற்றினங்களின் சுவடுகள் உள்ளன. லாக்டிஃப்ளோரா இன்று வளர்வதோ ஆசியாவின் வடகிழக்கில்!

அப்படியானால், காட்டிலேயே கலப்பு நடந்திருக்கும்போது தோட்டக் கலப்பைப் பற்றிக் கவலைப்படுவானேன்? கவலைப்படத்தான் வேண்டும். எமோடிக்கு ஓர் இடம் உண்டு. எண்ணற்ற தலைமுறைகளாக அந்த மலைச்சரிவில் விதைத்து, முளைத்து, பனியில் தேர்வு பெற்று நிலைத்த ஒரு கூட்டம் உண்டு. தோட்டத்தில் நேற்றுப் பிறந்த கலப்புக்கு இடமும் இல்லை, கூட்டமும் இல்லை. கடன்வாங்கிய பெயர் மட்டுமே உண்டு. சிற்றினத்தைச் சிற்றினமாக்குவது கலப்பின்மை அன்று. அதன் இடமும் கூட்டமும் வரலாறும். ஹொங்கின் நூல் இந்த உண்மையை நோக்கியே நம்மை அழைத்துச் செல்கிறது. அதனால்தான் குறைகளைச் சொன்ன பிறகும், இரண்டில் ஒன்றைத்தான் படிக்க இயலும் என்பவருக்கு நான் ஹொங்கையே பரிந்துரைப்பேன். ஒரு செடியை எவ்வளவு ஊன்றிப் பார்க்கலாம் என்று கற்க விரும்புவோர் ஸ்டெர்னையும் படிக்க வேண்டும்.

வாசகர்களே, நீங்கள் பியோனி வளர்க்கப் போவதில்லை. ஆனால் உங்களில் பலர் ஏதேனும் ஒரு விதையைச் சேர்ப்பீர்கள். காட்டுச் செடி ஒன்றை உலர்த்தித் தாளில் ஒட்டுவீர்கள். அப்போது பெயருக்கு முன்னால் மற்றவற்றை எழுதுங்கள்: எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை செடிகளிலிருந்து, அருகில் வேறென்ன பூத்திருந்தது. இவற்றை மையால் எழுதுங்கள், இவை மாறா. பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். என் ஆய்வுக்கூட மாணவர்களுக்கும் நான் இதையே சொல்கிறேன்: அளந்ததை அழிக்காதீர்கள், முடிவைத் திருத்த இடம் விடுங்கள்.